பதவிக்காலம் முடிந்த மறைகுறியாக்கம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் வெட்டியிருக்கும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படிக்காத தமிழர் குறைவு. குடும்பு என்ற ஊர்ப் பகுதிகள் முப்பது, ஓலை நறுக்கில் எழுதிய பெயர்கள், ஒரு குடம், அதற்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவன். வாரியத்துக்கு வரத் தகுதி உள்ளவர் யார் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வந்தவர் எப்போது இறங்க வேண்டும் என்று அந்தச் சுவர் சொல்வதை அவ்வளவாக யாரும் நின்று படிப்பதில்லை. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, தேர்வானவர் முந்நூற்று அறுபது நாள் பணி செய்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இடையில் குற்றம் தெரியவந்தால் உடனே நீக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழக் கூடாது. இந்த விதிகளே கி.பி. 919-இல் ஒருமுறை எழுதப்பட்டு, இரண்டே ஆண்டில், 921-இல், திருத்தி எழுதப்பட்டவை. ‘சந்திராதித்தர் உள்ளவரை’ என்று சாசனம் எழுதிப் பழகிய காலம் அது. அப்போதும் போதாது என்று தெரிந்த விதியை மாற்றி, மாற்றியதையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வெட்டிவைத்தார்கள்.

இதே ஊரில் இன்றைக்கு வரி ஆலோசகரின் கோப்பு, அரிசி ஆலையின் விற்பனைக் கணக்கு, தனியார் பள்ளியின் சம்பளப் பட்டியல், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள் என்று பலதும் எங்கோ தொலைவிலிருக்கும் சர்வர்களில் உட்கார்ந்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ போன்ற கிளவுட் அலுவலகச் சேவைகள் மாநகர நிறுவனங்களுக்கு மட்டும் உரியவையாக இருந்த காலம் போய்விட்டது. மேசையில் இருக்கும் கணினிக்கும் அந்தச் சர்வருக்கும் நடுவே கடிதம் போய்வரும் வழியில் யாரும் படித்துவிடாமல் காப்பது மறைகுறியாக்கம். அதுவும் மனிதர் வகுத்த ஏற்பாடுதான். அதற்கும் பதவிக்காலம் உண்டு. குற்றம் தெரியவந்தால் இடையிலேயே நீக்க வேண்டிய நிலையும் உண்டு.

பழைய மறைகுறியாக்கத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் ஒரு விசையைத் திருப்பினால் போதும். அந்த நொடியில் எத்தனை மேசைகளில் வேலை நின்றுபோகும் என்பது பெரும்பாலும் அந்த மேசைக்காரர்களுக்கே தெரிந்திருப்பதில்லை. அந்தக் கணக்கைப் போடுவதுதான் முன்னேற்பாட்டின் முக்கால் பங்கு. கடந்த 15 ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அந்த வேலையைத் தள்ளிப்போட்ட இடத்தில்தான் ஓய்வுத் தேதிகளும் தள்ளிப்போயிருக்கின்றன.

இணையத்தில் செய்தியை மூடி அனுப்பும் முறையை நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-இல் எஸ்எஸ்எல் 2.0 என்று வெளியிட்டது. மறு ஆண்டு 3.0 வந்தது. அதைத் தழுவி 1999 ஜனவரியில் டிஎல்எஸ் 1.0 பொதுத் தரமாயிற்று. பிறகு 2006-இல் 1.1, 2008-இல் 1.2, 2018 ஆகஸ்டில் 1.3.

அந்த 1999-ஐத் தமிழ்க் கணினி உலகம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. டிஎல்எஸ் 1.0 வெளியான அடுத்த மாதமே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்ற எழுத்துக் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் நோக்கித் தமிழை நகர்த்தியது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறிக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் இன்னும் தட்டச்சு செய்கிறார்கள். பழைய ஆவணங்கள் அவற்றில் இருக்கின்றன, கை அதற்குப் பழகிவிட்டது, அந்த அறைக்குள் அது வேலை செய்கிறது. பழைய மறைகுறியாக்கம் ஓய்வு பெறாமல் நீடிப்பதற்கும் இவையேதான் காரணங்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அது பெரியது. எழுத்துரு பொருந்தாவிட்டால் திரையில் எழுத்துகள் சிதறிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழுதான மறைகுறியாக்கத்தில் திரை எப்போதும்போல் பளிச்சென்று இருக்கும். கடிதம் போகும், வரும். நடுவில் ஒருவர் படித்ததற்கு அடையாளமே இருக்காது.

எப்படிப் பழுதாகிறது என்பதை மூன்று உண்மைக் கதைகளில் பார்க்கலாம்.

முதலாவது, 2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பூடில்’ தாக்குதல். அப்போது எஸ்எஸ்எல் 3.0-க்குப் பதினெட்டு வயது. அதைவிட நல்ல ஏற்பாடுகள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. கிட்டத்தட்ட எல்லோரும் அவற்றையே பயன்படுத்தினார்கள். ஆனால் பிரவுசரும் சர்வரும் பேச்சைத் தொடங்கும்போது புதிய முறையில் உடன்பாடு ஏற்படாவிட்டால், பழைய முறைக்கு இறங்கிவந்து பேசும் வழக்கம் இருந்தது. நடுவில் உட்கார்ந்தவர் புதிய முறைப் பேச்சை வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை கெடுத்துவிட்டால், இரு தரப்பும் தாமாகவே எஸ்எஸ்எல் 3.0-க்கு இறங்கிவிடும். அங்கே செய்தியைத் துளித்துளியாகப் படித்துவிடலாம். பழைய முறையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும், அது கிடைக்கும் நிலையில் இருப்பதே ஆபத்து என்று உலகத்துக்குக் காட்டியது இந்தச் சம்பவம்தான். எட்டு மாதத்தில், 2015 ஜூனில், எஸ்எஸ்எல் 3.0 கூடவே கூடாது என்று இணையத் தர அமைப்பு எழுதிவிட்டது.

இரண்டாவதைச் சொல்ல உத்திரமேரூர்க் குடமே போதும். ஒரு குடத்தில் 365 ஓலைகள் இருக்கின்றன. ஒருவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அடுத்தவர் எடுக்க வேண்டும். ஏற்கெனவே வந்த ஓலை மறுபடி வர எத்தனை பேர் எடுக்க வேண்டியிருக்கும்? முந்நூறு பேராவது வேண்டும் என்று தோன்றும். வெறும் 23 பேர் எடுத்தாலே, ஏதோ ஒரு ஓலை இரண்டாம் முறை வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. டிரிபிள் டிஇஎஸ் என்ற மறைகுறியாக்கம் செய்தியை எட்டு எட்டு பைட்டாக நறுக்கிப் பூட்டுகிறது. அதன் குடத்தில் இருக்கும் ஓலைகளின் எண்ணிக்கை 18-க்குப் பின் 18 சுழியங்கள் போட்ட அளவு. கேட்பதற்குக் கடல் போல இருக்கிறது. ஆனால் சுமார் 500 கோடி முறை எடுத்தாலே ஒரே ஓலை இருமுறை வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். அதாவது ஒரே சாவியில் 40 ஜிகாபைட் அளவுக்குத் தரவு போனாலே போதும். அப்படி இரண்டு ஒத்துப்போகும் இடங்களிலிருந்து செய்தி கசியத் தொடங்கும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் பார்கவனும் கெய்த்தான் லொரானும் 2016-இல் இதைச் செய்தே காட்டினார்கள். 785 ஜிகாபைட் போக்குவரத்தைக் கவனித்து, இரண்டு நாளுக்குள், ஒரு இணையதளத்தின் ரகசியக் குக்கியை எடுத்துவிட்டார்கள். ‘ஸ்வீட்32’ என்பது அந்தத் தாக்குதலின் பெயர்.

டிரிபிள் டிஇஎஸ் பிறந்த விதமே கைவைத்தியம்தான். 1977-இல் அமெரிக்க அரசுத் தரமான டிஇஎஸ்ஸின் சாவி 56 பிட் நீளம். 1998-இல் அதற்கென்றே கட்டப்பட்ட ஒரு இயந்திரம் 56 மணி நேரத்தில் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தது. பழைய பூட்டையே மூன்று முறை பூட்டிக் காலத்தை ஓட்டியதுதான் டிரிபிள் டிஇஎஸ். சாவி நீண்டது, குடம் அதே அளவில் இருந்துவிட்டது. இன்று எல்லோரும் நம்பியிருக்கும் ஏஇஎஸ்ஸில் குடம் எவ்வளவு பெரியதென்றால், அதில் ஒரே ஓலை இருமுறை வர, பழைய குடத்தின் மொத்த ஓலை எண்ணிக்கையைவிட அதிக முறை கைவிட வேண்டும்.

மூன்றாவது கதையில் பூட்டு நல்ல பூட்டு, பூட்டிய விதம் தவறு. காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றின் முந்தானையில் மயிலும் கோபுரமும் ருத்திராட்சக் கரையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறத்துக்கும் வேறொரு நிறத்தைக் கொடுத்து அதையே மறுபடி நெய்தால், அரக்கு பச்சையாகும், மாம்பழ மஞ்சள் நீலமாகும். மயில் மயிலாகவேதான் தெரியும். ஈசிபி என்ற முறையில் ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தினால் நடப்பது இதுதான்: ஒரே மாதிரித் துண்டுகள் பூட்டிய பிறகும் ஒரே மாதிரியே இருக்கும். மைக்ரோசாஃப்ட் அலுவலகச் சேவையின் மறைமின்னஞ்சல் வசதியில் இந்த முறை இருப்பதை 2022 அக்டோபரில் பின்லாந்தின் வித்செக்யூர் நிறுவன ஆய்வாளர் ஹாரி சின்டோனென் சுட்டிக்காட்டினார். பழைய செயலிகளும் திறக்க வேண்டும் என்பதற்காக அது நீடித்திருந்தது. 2023-இன் பிற்பகுதியில் ஆபீஸ் செயலிகள் 256 பிட் ஏஇஎஸ்ஸுக்கும், முந்தைய துண்டோடு அடுத்த துண்டைப் பிணைத்துப் பூட்டும் சிபிசி முறைக்கும் மாறின. ஆனால் அதற்கு முன் அனுப்பிவிட்ட மின்னஞ்சல்கள் பழைய நெசவிலேயே இருக்கின்றன.

குற்றம் தெரிந்துவிட்டது. நீக்கினார்களா? இங்கேதான் கல்வெட்டின் ‘உடனே’ என்ற சொல்லின் அருமை தெரிகிறது.

மைக்ரோசாஃப்டின் அலுவலகச் சேவையையே எடுத்துக்கொள்ளலாம். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் விட்டு 1.2-க்கு வாருங்கள் என்று 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. கெடு 2018 மார்ச் 1. வாடிக்கையாளர்களுக்கு நேரம் போதவில்லை. 2018 அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. பிறகு 2020 ஜூன் 1 என்றார்கள். கொரோனா வந்தது, 2020 அக்டோபர் 15 ஆனது. அதன் பிறகும், பழைய இயந்திரங்களிலிருந்து அஞ்சல் அனுப்புவோருக்காகத் தனியாக ஒரு பழைய வாசலைத் திறந்துவைக்க நேர்ந்தது. பிரவுசர்களிலும் இதே கதை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் 2018 அக்டோபரில் ஒன்றாகச் சேர்ந்து 2020-இன் முதல் பாதியில் நிறுத்திவிடுவோம் என்றன. 2020 மார்ச்சில் மொசில்லா சொன்னபடி நிறுத்தியது. சில நாட்களிலேயே மறுபடி திறந்துவிட்டது, ஏனென்றால் கொரோனா தகவல் தரும் சில அரசு இணையதளங்கள் பழைய முறையிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. நோய்க்காலத்தில் மக்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். அது சரியான முடிவுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடைத்துக்கொண்டிருந்த 1.2-க்கு மாறாமல் இருந்த அரசு அலுவலகங்கள் அந்த நெருக்கடியை உலகத்துக்கே கொடுத்தன. இணையத் தர அமைப்பு டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் முறைப்படி விலக்கியது 2021 மார்ச்சில்.

டிரிபிள் டிஇஎஸ்ஸின் விடைபெறுதல் இன்னும் நீளமானது. 2016-இல் ஸ்வீட்32. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அலுவலகச் சேவை அதை விலக்கியது. 2023 டிசம்பர் 31-க்குப் பின் மறைகுறியாக்கத்துக்கு அது கூடாது என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் சொன்னது. ஜிமெயில் தனக்கு வரும் அஞ்சல் இணைப்புகளில் அதை ஏற்பதை நிறுத்தியது 2025 மே 30-இல். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதற்கும் கடைசி வாசல் ஒன்று மூடப்பட்டதற்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வரிசையின் கடைசியில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, கிராமத்து வீடுகளுக்குள் முதல் கணினி அப்படித்தான் வந்தது. அன்றைய கணினிகளின் விண்டோஸ் 7-இல் டிஎல்எஸ் 1.2 உண்டு, ஆனால் பல செயலிகளுக்கு அது தானாகக் கிடைக்காது. ஒரு புதுப்பிப்பை நிறுவி, அமைப்பிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்கும் வழியில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 5.0 பதிப்பிலிருந்துதான் 1.2 இயல்பாகவே இயங்கியது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. சிறிய ஊர்களில் கணினி அப்போதும் ஓய்வு பெறுவதில்லை. வீட்டிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கும், அங்கிருந்து நெல் மண்டிக் கணக்கு மேசைக்கும் இடம் மாறுகிறது. ஹார்ட் டிஸ்க் போனால் மாற்றுவார்கள், ரேம் சேர்ப்பார்கள். இந்தச் சிக்கனம் மதிக்க வேண்டியது. ஒரு புதிய கணினியின் விலை ஒரு போகத்து வருமானத்தில் கணிசமான பங்கு என்றிருக்கும் வீடுகளில், ஓடுகிற கணினியைத் தூக்கிப்போடு என்று சொல்லும் உரிமை தொலைதூர நிறுவனம் எதற்கும் கிடையாது. மாற்றுவதற்குப் போதிய காலமும் புரியும்படியான அறிவிப்பும் தரும் கடமைதான் உண்டு.

கணினியாவது கண்ணுக்குத் தெரிகிறது. மறைந்து நிற்பவைதான் அதிகம் தொல்லை கொடுக்கும். அலுவலக மூலையில் நிற்கும் நகல் இயந்திரம் காகிதத்தை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்புகிறது. அதன் உள்ளிருக்கும் மென்பொருள் வாங்கிய நாளில் எழுதப்பட்டது. சிசிடிவி பெட்டி, ஆள் நடமாட்டம் கண்டால் அஞ்சல் அனுப்புகிறது. விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி மாதக் கடைசியில் பட்டியல் அனுப்புகிறது. உள்ளூர் நிரலர் ஒருவர் 15 ஆண்டுக்கு முன் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள், வாடிக்கையாளருக்கு ரசீதை அஞ்சலில் சேர்க்கிறது. எழுதியவர் இப்போது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். இவற்றில் எதையும் யாரும் ‘கணினி’ என்று எண்ணுவதில்லை. ஆகவே கணக்கெடுப்பில் வருவதில்லை. ஓய்வு நாள் வந்ததும் ஸ்கேன் போகவில்லை என்பார்கள். இயந்திரம் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் ரோலரைத் துடைத்துவிட்டுப் போவார்.

மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் நாணயம் அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போது கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். உடனே எல்லாப் பாதுகாப்பான இணையதளங்களும் ‘சான்றிதழ் செல்லாது’ என்று மறுக்கும். மறைகுறியாக்கம் மாறிவிட்டது என்று பயந்து எதையெதையோ நிறுவுவதற்கு முன், திரையின் மூலையில் தேதியைப் பார்ப்பது நல்லது.

கிராமப்புறத்தில் புதிய கருவிகள் வராமல் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது; நாடு முழுவதும் 63,000 சங்கங்கள் அதன் அப்போதைய இலக்கு. கிளவுட் தொழிலே உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து தொலைவில் இல்லை. ஜோஹோவின் தலைமையகம் செங்கல்பட்டைத் தாண்டிக் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறது. 2019-இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் உத்திரமேரூரைப் போலக் காஞ்சிபுரம் மாவட்டம்தான். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறிவிட்டது. தன் சர்வர்களுக்கு வரும் இணைப்புகள் டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட விதி. சேவை எந்த நாட்டுடையது என்றாலும், பழைய இயந்திரம் வாசலில் நிற்கும் என்பது இதிலிருந்து தெளிவு. உள்நாட்டுச் சேவைக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய முறைக்கு ஓய்வு கொடுக்கும் வேலையை இந்தியா ஒருமுறை தேதி குறித்துச் செய்தும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தபோது, டிஜிட்டல் கையொப்பத்துக்கான விதிகளில் எம்டி5 என்ற முத்திரை முறை இடம்பெற்றிருந்தது. இரண்டு வெவ்வேறு ஆவணங்களுக்கு ஒரே எம்டி5 முத்திரை விழச் செய்ய முடியும் என்று சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழு 2004-இல் காட்டியது. அடுத்த முறையான ஷா-1-க்கும் அதே கதி வரும் என்பது தெரிந்திருந்தது. சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர், 2012 தொடக்கத்திலிருந்து 2048 பிட் சாவியும் ஷா-2 முத்திரையும் கட்டாயம் என்றார். நடைமுறையில் ஷா-1-ஐக் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் உடைத்துக் காட்டியது 2017 பிப்ரவரியில். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே இந்தியக் கையொப்பங்கள் நகர்ந்துவிட்டன. வரித் தாக்கலுக்கும் டெண்டருக்கும் யுஎஸ்பி டோக்கன் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பித்தார்கள். கையொப்பச் சான்றிதழுக்கே சில ஆண்டு ஆயுள்தான் என்பதால், எப்படியும் புதுப்பிக்கப் போகும் நாளில் புதிய முறையும் சேர்ந்து வந்துவிட்டது. முந்நூற்று அறுபது நாள் என்ற ஏற்பாட்டின் பலம் அதுவே. பதவிக்காலம் முன்பே குறிக்கப்பட்டிருந்தால், இறக்கிவிடுவதற்குத் தனியாகச் சண்டை தேவைப்படுவதில்லை.

இணையதளச் சான்றிதழ்களும் அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2020 செப்டம்பரில் அவற்றின் உச்ச ஆயுள் 398 நாள் ஆனது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுச் சான்றிதழ் மாற்றும் பழக்கம் இதோடு முடிகிறது. சொந்த இணையதளம் வைத்திருக்கும் சிறு கல்லூரியும் மருத்துவமனையும் தானியங்கிப் புதுப்பிப்புக்கு மாறாவிட்டால், ஆண்டில் ஏழெட்டு முறை தளம் முடங்கும்.

கிளவுடின் வாசலை மாற்றிவிட்டால் வீடு முழுவதும் பாதுகாப்பாகிவிட்டது என்ற எண்ணம் ஒன்று பரவலாக இருக்கிறது. அது தவறு, அதனால் சேதம் வரும். பத்திருபது ஆண்டுக்கு முன் கடவுச்சொல் போட்டுச் சேமித்த எக்செல் கோப்புகளை அப்படியே கிளவுடில் ஏற்றிவைத்திருக்கும் அலுவலகங்கள் எத்தனையோ. எக்செல் 97 முதல் 2003 வரையான கோப்புகள் இயல்பாக 40 பிட் ஆர்சி4 பூட்டில் சேமிக்கப்பட்டன. அதில் சாத்தியமான சாவிகள் சுமார் 1.1 லட்சம் கோடி. இன்றைய கணினிக்கு இது பெரிய எண்ணே இல்லை. ஆபீஸ் 2007-இல்தான் 128 பிட் ஏஇஎஸ் வந்தது. சம்பளப் பட்டியலும் ஆதார் எண்களும் சுயஉதவிக் குழுக்களின் கடன் விவரமும் அந்தப் பழைய கோப்புகளில் இருந்தால், சேவை நிறுவனம் அவற்றைத் தானாக மறுபடி பூட்டித் தராது. கோப்பைத் திறந்து, புதிய வடிவத்தில் சேமித்து, பழையதை அழிக்க வேண்டும். அலுப்பான வேலை. விடுமுறையில் ஒரு கல்லூரி மாணவியை உட்காரவைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. உடைந்துபோனது என்று உலகமே அறிந்த பூட்டை நியாயமான ஏற்பாடு என்று வாதிடுவது கடினம்.

இனி வரப்போகும் மாற்றம் இதுவரை நடந்ததைவிடப் பெரியது. கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-இல் எழுதிய கணக்கின்படி, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று வந்துவிட்டால் ஆர்எஸ்ஏ என்ற இன்றைய மறைகுறியாக்கத்தின் சாவிகள் நிற்காது. 2024 ஆகஸ்ட் 13-இல் நிஸ்ட் அதற்கு மாற்றான மூன்று தரங்களை வெளியிட்டது. 2035-க்குப் பின் பழையவை கூடாது என்பது அதன் வரைவுத் திட்டம். இந்தியாவும் 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. குரோம் பிரவுசர் 2024-லேயே புதிய முறையைப் பழையதோடு சேர்த்து அனுப்பத் தொடங்கிவிட்டது. அப்போதே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. பழைய சாவிப் பரிமாற்றத்துக்கு 32 பைட் போதும். புதியதற்கு 1,184 பைட் வேண்டும். பேச்சைத் தொடங்கும் முதல் செய்தியே ஒரு பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது. சில பழைய ஃபயர்வால் பெட்டிகளுக்கு அது புரியாமல் இணைப்பு உறைந்துபோகிறது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோன அந்தப் பெட்டிகளையும் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும்.

இதில் கிராமத்துக்கு உரிய அக்கறை ஒன்று தனியாக இருக்கிறது. இன்று பூட்டிய செய்தியை இன்றே பிடித்துவைத்து, பூட்டை உடைக்கும் கருவி வந்த பின் படிப்பது நடக்கக்கூடியது. வணிக நிறுவனத்தின் இந்த வாரத்து விலைப்பட்டியல் பத்து ஆண்டு கழித்துத் தெரிந்தால் என்ன? ஆனால் நிலப்பத்திரம், குடும்ப வாரிசு விவரம், நோய் வரலாறு, விரல்ரேகை ஆகியவை முப்பது நாற்பது ஆண்டு கழித்தும் அதே மதிப்போடு இருப்பவை. உத்திரமேரூர் போன்ற வட்டங்களில் அலுவலக வேலை என்பதே பெரும்பகுதி இத்தகைய ஆவணங்கள்தாம். மாநகர மென்பொருள் நிறுவனத்தைவிட ஒரு பத்திர எழுத்தரின் கணினிக்கு நீண்டகால மறைகுறியாக்கம் அதிகம் தேவை. கொள்கை வகுப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்: பெரிய நிறுவனம் முதலில், கிராமத்து மேசை கடைசியில்.

முன்னேற்பாட்டுக்கு நிபுணர் படை தேவையில்லை. கிளவுட் சேவைகளின் நிர்வாகப் பக்கத்தில் எந்தக் கணக்கு எந்தக் கருவியிலிருந்து பழைய முறையில் நுழைகிறது என்ற அறிக்கை கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் ஓய்வுத் தேதிகளுக்கு முன் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளை எப்படியும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகளை ஒருவர் படிக்க வேண்டும், அவ்வளவே. படித்த பிறகு செய்வது ஒத்திகை. கெடு வருவதற்கு ஓரிரு மாதம் முன்பே, வேலை குறைந்த ஒரு சனிக்கிழமை, தன் பக்கத்தில் தானே பழைய முறையை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எது நின்றுபோகிறதோ அது பட்டியலில் விடுபட்டது. மாலையில் மறுபடி திறந்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். மாத இறுதியிலும் ஜிஎஸ்டி தாக்கல் வாரத்திலும் இந்த ஒத்திகை வேண்டாம்.

அரசின் பங்கு இங்கே குறைவாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் மனக்குறை. சேவை நிறுவனங்களின் அறிவிப்பு ஆங்கிலத்தில், நிர்வாகியின் அஞ்சல் பெட்டிக்கு வருகிறது. சிற்றூர் அலுவலகத்தில் அந்த நிர்வாகக் கணக்கு, கணினி விற்ற கடைக்காரரின் பெயரில் இருக்கும். அவர் அதைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கும். தமிழில் ஒரு பக்க அறிவிப்பு, ‘இந்தத் தேதி முதல் இந்தப் பழைய கருவிகளிலிருந்து அஞ்சல் போகாது, இந்த எண்ணில் கேளுங்கள்’ என்று, ஒவ்வொரு இ-சேவை மையத்தின் வாசலிலும் கூட்டுறவுச் சங்கத்துச் சுவரிலும் ஒட்டப்பட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மாற்றிய விதியை எல்லோரும் நடமாடும் மண்டபத்துச் சுவரில் வெட்டிவைக்கத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தத் துறை இதைச் செய்வது என்று ஒரு அரசாணை சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத அலுவலகங்கள் நகல் இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க ஆள் வரும்போது மூன்றே கேள்விகள்: இதில் டிஎல்எஸ் 1.2 ஓடுகிறதா, 1.3 வருமா, இந்த மாடலுக்கு நிறுவனம் இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறதா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், ஸ்கேன்களை நேராக அஞ்சலில் அனுப்பாமல் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியின் ஃபோல்டரில் இறக்கி, அங்கிருந்து புதிய பிரவுசர் வழியே ஏற்றலாம். இயந்திரம் இன்னும் ஐந்து ஆண்டு உழைக்கும்.